யானைமலைக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை

சென்ற ஆண்டு தை மாதம் பழைய கேமரா ஒன்றை வாங்கியபோது, வீட்டிலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் சென்று படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். மதுரையின் கிழக்குப் பகுதியில் குடியிருப்பவனுக்கு யானைமலை, அழகர்மலை, நாகமலை, கீழக்குயில்குடிச் சமணர் மலை, அரிட்டாபட்டிக் குன்றுகள், சோழவந்தான் வயல்வெளி என எல்லாமே அந்தத் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. கொடைக்கானலுக்கும் மூணாறுக்கும் போய்வரும் நண்பர்களின் படங்களை நானும் ஆசையோடுதான் பார்க்கிறேன். ஆனால், வேலைக்குச் செல்லும் ஒருவன் ஆண்டுக்கு ஓரிரு முறை போகும் ஊரில் அன்றைக்கு வாய்த்த வானத்தைத்தான் எடுக்க முடியும். பக்கத்து மலை என்றால், விடியலில் போய் நின்றுவிட்டு ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் இருக்கலாம். இன்று மேகம் கூடவில்லையென்றால் நாளையும் போகலாம்.

முதல் மூன்று மாதங்கள் எடுத்த படங்களில் இன்று வைத்துக்கொள்ளத் தகுந்தவை மிகச் சில. யானைமலையைப் பார்த்தவுடன் படுத்திருக்கும் யானையை முழுவதுமாகச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும் என்ற எண்ணமே மேலோங்கியிருந்தது. அடிவாரத்து நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770-ஆம் ஆண்டைச் சேர்ந்த பாண்டியர் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக மனிதர்கள் இந்தப் பாறையை நிமிர்ந்து பார்த்து வருகிறார்கள். அப்படிப்பட்ட மலை, பகல் பத்து மணி வெயிலில் நான் எடுத்த படங்களில் வெளுத்த மண்குவியல் போலத் தெரிந்தது.

பங்குனிக் கடைசியில் அரிட்டாபட்டியில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், நான் முக்காலியை நிறுத்துவதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, “வெயிலேறிட்டா கல்லு வெளுத்துப்போகும் தம்பி. மழை வெறிச்சதும் வந்து பாருங்க” என்றார். கேமராவைக் கையில் தொட்டிராத அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம், ஒளியைப் பற்றி நான் அதுவரை படித்த எல்லாவற்றையும்விடப் பயன்பட்டது.

மதுரை ஏறத்தாழப் பத்துப் பாகை வட அகலாங்கில் இருப்பதால் சூரியன் இங்கே செங்குத்தாகவே மேலேறுகிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகலில் உச்சந்தலைக்கு நேர் மேலே நின்று நிழலையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. மென்மையான மஞ்சள் வெளிச்சம் நீடிப்பது காலையில் அரை மணி நேரம், மாலையில் அரை மணி நேரம், அவ்வளவுதான். அதற்குள் பாறையின் மடிப்புகளும் பிளவுகளும் நீர் வழிந்த கறுப்புத் தடங்களும் பக்கவாட்டு ஒளியில் எழுந்து வருகின்றன, பிறகு அடங்கிவிடுகின்றன. சமணர் மலையின் பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கும் தீர்த்தங்கரர் உருவங்களுக்கும் இதே கதைதான். நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரியும் முகங்கள், சாய்வான வெளிச்சம் படும்போது கல்லைவிட்டு வெளியே வருகின்றன. அங்கே ஒன்பது முறை ஏறியிருக்கிறேன். மனத்துக்கு நிறைவான படங்கள் இரண்டு.

ஆடியில் நாகமலை முகட்டில் முக்காலி நிற்காத அளவுக்குக் காற்று. தோள்பையை அதன் நடுக்கொக்கியில் தொங்கவிட்டு, உடலால் காற்றை மறைத்துக்கொண்டு எடுக்க வேண்டியிருந்தது. இருந்தாலும், மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சிதறி வரும் மேகங்கள் நகரத்தின்மேல் வெயிலும் நிழலுமாக ஓடுவதைப் பார்க்க அதைவிட நல்ல மாதம் இல்லை.

அந்தப் பெரியவர் சொன்ன மழை ஐப்பசியில் வந்தது. இரவு முழுவதும் பெய்து விடியலில் விட்ட ஒரு நாள், அரிட்டாபட்டிக் குன்று கருநீலமாக மின்னியது; பாறைக் குழிகளில் தேங்கிய நீர் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வானம். தூசு கழுவப்பட்ட காற்றில் அழகர்மலையின் மரங்கள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. அன்று நான் ஒரு பெரும் பிழை செய்தேன். முந்தைய இரவு வீட்டுக்குள் எடுத்தபோது 3200-இல் வைத்த ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்திறன் அளவை, மாற்ற மறந்துவிட்டேன். முதல் நாற்பது படங்களும் புள்ளி புள்ளியாக இரைச்சல் நிறைந்து போயின. அதைக் கண்டுகொண்ட நேரத்தில் வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. மறுமழைக்குப் பதினொரு நாள் காத்திருந்து எடுத்த படம்தான் இப்போது எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கிறது.

அந்தப் படத்தின் வலது மேல் மூலையில் கடுகளவு ஒரு பறவை உண்டு. லகர் வல்லூறு வாழும் இந்தக் குன்றுகள் 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டவை. தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டாத என்னுடைய 18-55 லென்ஸில் பறவை புள்ளியாகத்தான் விழும். அருகே நெருங்கிப் போய்க் கூட்டைக் கலைப்பதைவிட அந்தப் புள்ளியே போதும். குன்று எவ்வளவு உயரம் என்பதை அது சொல்லிவிடுகிறது.

இந்த ஆண்டில் எனக்கு மிகவும் பிடித்த வேலை வேறொன்று. யானைமலைக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரையில், பனைமரம் ஒன்றன் அடியில், ஒரே இடத்தில் நின்று பதினைந்து நாளுக்கு ஒருமுறை சூரியோதயத்தை எடுத்தேன். மார்கழியில் நேர்கிழக்கிலிருந்து தெற்கே 24 பாகை தள்ளி எழும் சூரியன், பங்குனித் தொடக்கத்தில் நேர்கிழக்குக்கு வந்து, ஆனியில் வடக்கே அதே அளவு விலகிவிட்டுத் திரும்புகிறது. என் லென்ஸின் மிக அகன்ற கோணமான 18 மில்லிமீட்டரில் அந்தப் பயணம் முழுவதும் ஒரே சட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இருபத்து நான்கு காலைகளில் பதினேழுதான் கிடைத்தன. மற்றவை மேகத்திலும் காய்ச்சலிலும் போயின. அந்தப் பதினேழிலும் மலை ஒன்றே. கண்மாய் மட்டும் வறண்டு, வெடித்து, புல் முளைத்து, கார்த்திகையில் கரைவரை நிறைந்து நிற்கிறது. விடுபட்ட ஏழு காலைகளின் தேதிகளை நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன். அவற்றில் முதலாவது மாசி மூன்று.