பச்சை உடம்புக்குத் தண்ணீர்

வளைகாப்பு முடிந்து திருமங்கலத்திலுள்ள எங்கள் வீட்டுக்குத் தங்கை வந்த மறுநாள், அவளுடைய தலையணை உறைக்குள் பிரிக்கப்படாத இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் நான்கைக் கண்டேன். மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாளாம். அந்த மாத்திரைக்கு அது இயல்பு, கெடுதல் இல்லை என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. அதற்குள் ஹீமோகுளோபின் 9-க்கு இறங்கியிருந்தது. கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே இரத்தசோகைதான். காபி, தேநீரோடு விழுங்கினால் இரும்பு சரியாகச் சேராது என்பதாலும், சுண்ணாம்புச்சத்து மாத்திரையை அதனுடன் ஒரே வேளையில் போடக் கூடாது என்பதாலும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நானே எடுத்துக் கொடுக்கத் தொடங்கினேன். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாட்கள் இரும்புச்சத்து மாத்திரை தொடர வேண்டும்.

குழந்தை பிறந்ததும், பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று பெரியம்மா சொம்பை எட்டி வைத்துவிட்டார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. பூண்டுக் குழம்பையும் பால்சுறாப் புட்டையும் அவர்போல் யாரும் செய்ய முடியாது. ஆனால் பால் கொடுப்பவளைத் தாகத்தோடு வைத்திருப்பது தவறு, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் அதனால் வரக்கூடும் என்று அவர் அருகில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன்.

பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மணி நேரத்துக்குள் நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ, காய்ச்சல் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். அவளுடைய காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இன்று காலை பெரியம்மாவே சீரக வெந்நீர் ஆற்றி, சொம்பைத் தங்கையின் கட்டிலருகே வைத்தார்.