ஒரே துளி, நான்கு படி: மில்லிகன் சோதனையில் ஒருவழியாக முழு எண்கள்

கடைசியில் சிக்கியது! மில்லிகன் சோதனை என்பது, மின்புலத்தில் எண்ணெய்த் துளி ஏறி இறங்கும் வேகத்தை வைத்து எலக்ட்ரானின் மின்னூட்டத்தை அளப்பது. ஒரே எண்ணெய்த் துளியைத் தகடுகளுக்கு நடுவே பிடித்து வைத்து, அதன் மின்னூட்டம் ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு எலக்ட்ரான் அளவு என்று படிப்படியாக இறங்குவதை ஒரே அமர்வில் பதிவு செய்துவிட்டேன். இந்தச் சோதனையைச் செய்கிற பலரும் துளி துளியாக அளந்து, எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் கொட்டி, அலகுக்கு அலகு மேடு பள்ளம் தெரிகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறோம். அது வீண்வேலை என்பதுதான் இப்போது என் கட்சி.

ஏன் வீண் என்றால், ஒவ்வொரு துளிக்கும் ஆரம் வேறு. காற்று மூலக்கூறு ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே ஓடும் தூரத்தோடு ஒப்பிட்டால் நம் துளி அப்படியொன்றும் பெரியதல்ல. காற்று தரும் தடையைக் கணக்கிடும் ஸ்டோக்ஸ் விதி அதற்கு அப்படியே பொருந்தாது. திருத்தம் போடாமல் கணக்கிட்டால் 0.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஆரமுள்ள துளி, அலகு மின்னூட்டம், அதாவது ஒரு எலக்ட்ரானின் மின்னூட்டம், 2.0 × 10⁻¹⁹ கூலூம் என்று சொல்லும், 1 மைக்ரான் துளி 1.8 என்று சொல்லும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் மேடுகள் கரைந்துபோகும். திருத்தம் போட்டாலும் ஐந்தாறு அலகுக்கு மேல் போனதும் அளவீட்டுப் பிழையே அடுத்த மேட்டை எட்டித் தொட்டுவிடும்.

ஒரே துளி என்றால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. என் பதிவேட்டிலிருந்து: தகட்டு இடைவெளி 6 மி.மீ. (பெயரளவில்தான், புலம்பல் கீழே), 300 வோல்ட், வெற்றிட பம்ப் எண்ணெய். மின்புலம் இல்லாதபோது 1 மி.மீ. விழ 25 விநாடி. இது பல தடவை எடுத்த சராசரி. புலம் போட்டதும் அதே தூரம் ஏற முதலில் 5.4 விநாடி. அப்புறம் 7.1. அப்புறம் 10.4. கடைசியாக 19.6. நடுவில் வேறு எந்த வேகத்திலும் அது ஏறவில்லை.

விழும் வேகத்தையும் ஏறும் வேகத்தையும் கூட்டினால் வருவது மின்னூட்டத்துக்கு நேர்விகிதம். கூட்டிப் பார்த்தால் விநாடிக்கு 0.225, 0.181, 0.136, 0.091 மி.மீ. அடுத்தடுத்தவற்றின் வித்தியாசம் 0.044, 0.045, 0.045. அந்த 0.045-ஆல் வகுத்தால் 5.00, 4.02, 3.02, 2.02. காற்றின் பாகுநிலை, எண்ணெயின் அடர்த்தி, துளியின் ஆரம், வோல்ட்மீட்டரின் யோக்கியதை, எதுவும் உள்ளே வரவில்லை. துளி ஆவியாகாமல் இருந்தால் போதும். நீர்த்துளியை விட்டு எண்ணெய்க்குப் போனதில் மில்லிகனும் அவருடைய மாணவர் ஃபிளெட்சரும் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்பது இங்கேதான் உறைக்கிறது.

இனி, ரொம்பக் காலம் என்னை அலைக்கழித்த இடத்துக்கு வருகிறேன்: துளியின் மின்னூட்டத்தை மாற்றுவது. காற்றில் அயனிகளை (மின்னூட்டம் பெற்ற மூலக்கூறுகளை) உண்டாக்க, ஆல்பா கதிர் வீசும் பொருளாகத் தோரியம் கலந்த டங்ஸ்டன் வெல்டிங் கம்பி வைத்தேன், சிவப்பு முனை உள்ளது. (புகை உணரியைப் பிரித்து அமெரிசியம் என்ற கதிரியக்கப் பொருளை எடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். வெல்டிங் கம்பியையும் அரமெடுத்துத் தேய்க்க வேண்டாம். அந்தத் தூசி மூச்சில் போகக் கூடாது.) கம்பியை வைத்துவிட்டு, துளி நழுவிவிடுமோ என்று புலத்தைப் போட்டபடியே உட்கார்ந்திருந்தேன். துளி ஆடாமல் அசையாமல் அப்படியே நின்றது. கம்பியில் தோரியமே இல்லை, விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்றுகூட நினைத்தேன்.

விஷயம் வேறு. காற்றில் அயனி ஒன்று 300 வோல்ட் புலத்தில் விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் ஓடும். 6 மி.மீ. இடைவெளியைக் கடக்க விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஆல்பா துகள் ஆயிரக்கணக்கில் அயனிகளை உண்டாக்கினாலும், துளியைச் சந்திக்க நேரமே இல்லாமல் அவை தகட்டில் போய் ஒட்டிக்கொள்கின்றன. புலத்தை அணைத்துவிட்டால் அதே அயனிகள் ஏறக்குறைய ஒரு விநாடி திக்குத்தெரியாமல் அலையும். துளி ஒன்றைப் பிடிக்க வாய்ப்பு அப்போதுதான். ஆகவே மாற்றம் நடப்பது துளி விழுகிற நேரத்தில். அது நமக்குத் தெரியவருவது அடுத்த ஏற்றத்தில்.

இதிலிருந்து ஒரு வேலைமுறை தானாகவே வந்தது. துளியை மேலே ஏற்றி, அணைத்து, முழு 25 விநாடியும் விழவிட்டு, மறுபடி போட வேண்டும். இன்னொன்றும் கவனித்தேன்: எதிர்க்குறி அயனியைத்தான் துளி விரும்பி இழுக்கும், அதனால் மின்னூட்டம் பெரும்பாலும் இறங்குமுகம்தான். இரண்டில் நின்றால் சந்தோஷப்பட்டு அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஒன்றுக்கு வந்துவிட்டால் இந்தத் துளி 300 வோல்ட்டில் 1 மி.மீ. ஏற மூன்று நிமிடம் எடுக்கும். அதற்குள் காற்று மூலக்கூறுகள் மோதுவதால் வரும் பிரௌனியன் ஆட்டமே கிட்டத்தட்ட 0.1 மி.மீ. தள்ளிவிடும். பூஜ்யமானால் துளி கையைவிட்டுப் போயிற்று.

இனி புலம்பல். படிகள் இவ்வளவு சுத்தமாக வந்தும், எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கூலூமில் கேட்டால் எனக்கு 1.65 × 10⁻¹⁹ வருகிறது. திருத்தமெல்லாம் போட்ட பிறகுதான் இந்த 1.65. குற்றவாளி அக்ரிலிக் வளையம். 6 மி.மீ. என்று விற்கிற வார்ப்பு அக்ரிலிக் தாள் 6 மி.மீ. இருப்பதே அபூர்வம் போலும். வெர்னியரில் பார்த்தால் ஓர் ஓரத்தில் 5.8, எதிர் ஓரத்தில் 5.9. துளி ஏன் ஏறும்போதெல்லாம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தது என்பதற்கும் ஒருவேளை இது ஒரு காரணமாக இருக்கலாம். 5.8 என்று போட்டால் விடை அச்சுப்போல 1.60-க்கு வந்துவிடும், ஆனால் விடைக்கு ஏற்ற இடைவெளியைத் தேர்ந்தெடுப்பது போங்கு. மில்லிகன் 1913-இல் வெளியிட்ட மதிப்பே இன்றைய அலகில் 1.592, காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்த எண் சற்றுத் தவறு. 2019 முதல் 1.602176634 × 10⁻¹⁹ என்பது வரையறையாகவே ஆகிவிட்டதால், கறாராகப் பார்த்தால் நான் அளப்பது எலக்ட்ரானை அல்ல, என் அக்ரிலிக்கை.

புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க் துகளின் மூன்றில் ஒரு பங்கு மின்னூட்டம் எங்காவது தலைகாட்டுமா என்ற ஆசையும் இல்லாமல் இல்லை. என் கணக்கில் அது 0.015 அளவு படியாக வர வேண்டும், வந்தால் நிச்சயம் கண்ணில் படும். இயற்பியலாளர் மார்ட்டின் பெர்ல் குழுவினர் தானியங்கிக் கருவியில் கோடிக்கணக்கான துளிகளைப் பார்த்தும் அப்படி ஒன்று கிடைக்கவில்லை என்பதால், நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளப் போவதில்லை.

  

இனி தகட்டு இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். வளையத்தை நம்புவதை விட்டுவிட்டு, 6 மி.மீ. பீங்கான் பேரிங் குண்டுகள் மூன்றைத் தகடுகளுக்கு நடுவே வைக்கப் போகிறேன். விட்டம் மைக்ரான் கணக்கில் துல்லியம், மின்சாரமும் கடத்தாது, மூன்று புள்ளி என்பதால் தகடு ஆடாது. எஃகுக் குண்டு வாங்கிவிடாதீர்கள், நேராகக் குறுக்குச்சுற்றுதான். அக்ரிலிக் வளையத்தை 5.5 மி.மீ.க்குச் சீவி, மீதி இடுக்கை மெல்லிய சிலிகான் பட்டையால் அடைத்தால் காற்று புகாது. மூன்று குண்டு கேட்டால் நூறுக்குக் குறைந்து தரமாட்டேன் என்கிறார்கள். வேண்டுமென்றால் சொல்லுங்கள், பகிர்ந்துகொள்ளலாம்.