மாத்திரை பேரு என்ன மக்ளே?

போன ஞாயிறு மத்தியானம் சாளை அறுத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேல் தலையை நீட்டினார். "மக்ளே, உனக்கு அன்னைக்கு வலி நிக்கதுக்கு ஒரு மாத்திரை குடுத்தாவளே, அதுக்க பேரு என்ன?"

மருமகளுக்கு ஏழு மாதம் முடிகிற நேரம். காலையிலிருந்து வயிறு கல் மாதிரி இறுகி இறுகி விடுகிறதாம். பேர் தெரிந்தால் மெடிக்கலில் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை.

"பேரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் மாமி, முதல்ல ஆட்டோவ கூப்பிடுங்க" என்றேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. தெரிந்துகொண்டே ஒளிக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஒளிக்க ஒன்றுமில்லை. அதன் பேர் நிஃபெடிபின். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற மாத்திரைதான்.

நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுக்கிறவள். தசை சுருங்க வேண்டுமென்றால் செல்லுக்குள் கால்சியம் போக வேண்டும் என்று வருஷா வருஷம் போர்டில் படம் போட்டுச் சொல்கிறேன். கர்ப்பப்பையும் தசைதான். கால்சியம் நுழைகிற வாசலை நிஃபெடிபின் அடைக்கிறது. ஆனால் அது கர்ப்பப்பை வாசலை மட்டும் பார்த்து அடைக்காது, ரத்தக்குழாய்ச் சுவரிலும் அதே வேலையைச் செய்யும். அதை என் முகத்திலேயே பார்த்தேன்.

அது மாசி மாதம், மண்டைக்காடு அம்மன் கோவில் கொடைவிழா. பள்ளிக்கு லீவு. திங்கள்நகர் ரோட்டில் ஸ்பெஷல் பஸ்களாகப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு 31 வாரம் 2 நாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இடுப்பிலிருந்து வயிற்றுக்கு ஒரு பிடி வந்து போனது. கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஆட்டோ வில்லுக்குறி வழியாக நாகர்கோவில் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இத்தனைக்கும் ஐந்தாம் மாதத்திலிருந்தே ஒரு கிளினிக்கில் எழுதிக் கொடுத்த ஐசாக்சுப்ரின் மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தேன். 'வயிறு இறுகாம இருக்க' என்று சொன்னார்கள். போட்ட அரை மணியில் நெஞ்சு படபடக்கும், சாக்பீஸ் பிடிக்கிற விரல் நடுங்கும். பிள்ளைக்காகத்தானே என்று பொறுத்துக்கொண்டேன். அந்த வகை மாத்திரையை மாதக்கணக்கில் போட்டால் குறைப்பிரசவம் தடுக்கப்படும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் இல்லை என்று பிறகுதான் படித்தேன். அதே குடும்பத்தைச் சேர்ந்த டெர்பியூட்டலினைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே எச்சரித்திருக்கிறது: ஊசியை 48 முதல் 72 மணி நேரத்துக்கு மேல் நீட்டக்கூடாது, மாத்திரையை இந்தக் காரியத்துக்குக் கொடுக்கவே கூடாது, தாயின் இதயத்துக்கு ஆபத்து. படித்த அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஒரு மூத்த சிஸ்டர் என் வயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் வாட்ச்சைப் பார்த்தபடி பத்து நிமிஷம் அசையாமல் நின்றார். மூன்று இறுக்கம். முதல் நிஃபெடிபின் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் புட்டு அவிக்கிற பானை மேல் குனிந்த மாதிரி முகம் குப்பென்று சுட்டது. தலை பிளந்தது. 110 இருந்த பிரஷர் 90-க்கு வந்தது. சிஸ்டர் என்னை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைத்தார்.

டாக்டரம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வலி நின்னே போயிரும்னு நினைக்காதீங்க. எனக்கு 48 மணி நேரம் வேணும், அவ்வளவுதான்."

அந்த 48 மணி நேரம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசிக்கு. 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. பிள்ளையின் நுரையீரல் காற்றை உள்வாங்கி விரிவதற்கு அது தயார் செய்கிறது. இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நியூசிலாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர் பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்த வகை மருந்து பெற்ற குட்டிகள், செத்துப்போயிருக்க வேண்டிய அளவுக்கு முன்கூட்டியே பிறந்தும் மூச்சு விட்டன. 1972-ல் அவரும் ஹவி என்ற மருத்துவரும் சேர்ந்து பெண்களிடம் நடத்திய ஆய்வு வெளியானது. என் மாமியார் ஆடு வளர்க்கிறவர். இதைச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டு ஆட்டுக்கு மரியாதை கூடிவிட்டது. அதே காலத்தில் அமெரிக்காவில் வலியை நிறுத்த டிரிப்பில் சாராயம் ஏற்றினார்கள் என்றும் சொன்னேன். அதை அவர் இன்றுவரை நம்பவில்லை.

ஆக, பிள்ளையைக் காப்பாற்றுவது ஸ்டீராய்டு ஊசி. வலியை நிறுத்துகிற மருந்து அந்த ஊசிக்கும், குறைமாதப் பிள்ளையைப் பார்க்க வசதி உள்ள இடத்துக்குத் தாயைக் கொண்டுபோவதற்கும் நேரம் வாங்கித் தருகிறது. தன்னளவில் அது பிள்ளைக்கு என்ன நன்மை செய்கிறது என்பதே சந்தேகம்தான். அட்டோசிபன் என்ற விலை கூடிய மருந்தை 30 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் வலி வந்த பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2025-ல் வந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தே கலக்காத வெற்று ஊசி பெற்றவர்களின் பிள்ளைகளோடு ஒப்பிட்டால், உயிரிழப்பிலும் கடுமையான சிக்கல்களிலும் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

இதற்கெல்லாம் மேலே, வலியை நிறுத்தவே கூடாத நேரங்களும் உண்டு. கர்ப்பப்பைக்குள் கிருமி புகுந்து காய்ச்சல் அடித்தால், ரத்தம் கொட்டினால், பிள்ளையின் துடிப்பு இறங்கினால், உள்ளே வைத்திருப்பதுதான் ஆபத்து. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அதை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? இண்டோமெத்தசின் என்று ஒரு வலி மருந்தையும் இதற்குக் கொடுப்பது உண்டு. 32 வாரம் தாண்டினால் பிள்ளையின் இதயத்தோடு சேர்ந்த ஒரு ரத்தக்குழாயை அது சுருக்கிவிடும் என்பதால் தவிர்க்கிறார்கள். வீட்டில் கிடக்கிற வலி மாத்திரையை இடுப்பு வலிக்கென்று எடுத்துக் கொடுக்கிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்!

எனக்கு நாலு ஊசியும் முடிந்தது. அதற்கு மேல் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் வலி மறுபடி பிடித்தது, 31 வாரம் 6 நாள். பிள்ளையின் மூளைக்குப் பாதுகாப்பு என்று மெக்னீசியம் சல்பேட் ஏற்றினார்கள். உடம்பெல்லாம் அனல். சிஸ்டர் மணிக்கொரு தடவை வந்து முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டுவார். கால் துள்ளினால் நிம்மதி. மருந்து ரத்தத்தில் கூடிவிட்டால் முதலில் அந்தத் துள்ளல்தான் போகுமாம், பிறகு மூச்சு. ஒவ்வொரு தட்டுக்கும் என் காலை நானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையன் 1 கிலோ 600 கிராம். 23 நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தான். இப்போது 6 வயது, மதில் மேல் ஏறாதே என்று சொன்னால் கேட்பதில்லை.

மாமியின் மருமகள் மறுநாள் சாயங்காலமே வீடு வந்துவிட்டாள். கர்ப்பப்பை வாய் திறக்கவில்லை, யூரினில் கிருமியாம். அதற்கு மருந்து எழுதி, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி, மறுபடி இறுகினால் உடனே வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். மாமிக்குத்தான் மனசு ஆறவில்லை.

"இவ்வளவு தூரம் போயும் வலி நிக்க ஒரு மாத்திரை தரல்ல பாத்தியா மக்ளே."