கர்தார்பூரில் பீஜியின் நேர்த்திக்கடன்

என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நிமோனியா வந்து பிழைப்பானா என்று ஆகிவிட்டது. என் மாமியார் அன்றைக்கே வேண்டிக்கொண்டார்: பிள்ளை தேறினால் கர்தார்பூர் குருவுக்கு ரூமாலா (சீக்கிய வேதநூலின் மேல் போர்த்தும் துணி) சாத்துகிறேன் என்று. கர்தார்பூர், சீக்கியர்களின் முதல் குருவான குருநானக் மறைந்த இடம், இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே போக அப்போது ஏது பாதை? இந்தியப் பக்கம் தேரா பாபா நானக் எல்லையில் நின்று, தூரத்தில் வெள்ளையாகத் தெரிகிற குருத்வாராவின் குவிமாடத்தைக் கும்பிடலாம், அவ்வளவுதான்.

பீஜி (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) பிறந்தது ராவி ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஷகர்கர் அருகே. 1947இல் சுதந்திரம் வந்து இரண்டு நாள் ஆகியும் குர்தாஸ்பூர் மாவட்டம் எந்த நாட்டில் என்று ஊருக்குத் தெரியாது. ஆகஸ்ட் 17இல் இரு நாட்டு எல்லையான ராட்கிளிஃப் கோடு வெளியானது. நான்கு தாலுகாவில் ஷகர்கர் மட்டும் பாகிஸ்தானுக்குப் போனது, கர்தார்பூரும் அதோடு போனது. ஏழு வயதில் அம்மா கையைப் பிடித்து ஆற்றைக் கடந்தவர் பீஜி.

2019 நவம்பரில் எல்லையிலிருந்து கர்தார்பூருக்குப் பாதை திறந்தும், எங்களுக்கு வாய்த்தது 2023இல். அமிர்தசரஸில் ஒரு தரகர் பதிவு செய்து தர ஆளுக்கு மூவாயிரம் கேட்டார். கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. அப்போது இணையத்தில் நாமே பதிய முடிந்தது. பாஸ்போர்ட்டும் 20 டாலர் கட்டணமும் போதுமாக இருந்தது, விசா வேண்டியிருக்கவில்லை. காலையில் போய் மாலைக்குள் திரும்ப வேண்டியிருந்தது.

உள்ளே செல்ஃபி கூட்டம் தாங்கவில்லை. பீஜியை அணைத்தபடி முன்னால் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ரூமாலாவைக் கொடுத்தோம். சீக்கியர்களின் பொதுப் பிரார்த்தனையான அர்தாஸ் ஆரம்பித்தது. பிரிவினைக்குப் பிறகு அதில் சேர்ந்த வேண்டுதல் ஒன்று உண்டு: குருநானக் பிறந்த நங்கானா சாகிப் முதலாக, எங்களை விட்டுப் பிரிந்த குருத்வாராக்களைத் தடையில்லாமல் தரிசிக்க அருள் செய் என்று. வீட்டில் தினமும் சொல்கிற அந்த இடம் வந்ததும் பீஜிக்குக் குரல் எழும்பவில்லை. துப்பட்டா நுனியை வாயில் கடித்துக்கொண்டு நின்றார். பழனியில் திரை விலகும்போது எனக்கு வருமே, அதே சிலிர்ப்பு அங்கே வந்தது.

குரு மறைந்தபோது எரிப்பதா புதைப்பதா என்று இந்துக்களும் முஸ்லிம்களும் வாதாட, போர்வையை விலக்கினால் பூக்கள்தானே இருந்தன என்பார்கள்! பாதிப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். உள்ளே இந்துக்களின் சமாதி, வெளியே முற்றத்தில் முஸ்லிம்களின் கல்லறை. கல்லறைப் பக்கம் துவா செய்துகொண்டிருந்த முஸ்லிம் பாட்டி பீஜியிடம் பஞ்சாபியில் "எந்த ஊர்?" என்று கேட்டார். பீஜி சொன்னார். பக்கத்து ஊராம். அப்புறம் இருவரும் கையை விடவில்லை. லங்கர் என்கிற பொது அன்னதானத்திலும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள், அந்தப் பாட்டி தன் தட்டு ரொட்டியில் பாதியைப் பிய்த்து பீஜி தட்டில் வைத்தார்.

2025 மே மாதம் பாதையை மூடினார்கள். பீஜி அந்த வேண்டுதலை முன்னைவிடச் சத்தமாகச் சொல்கிறார். அதற்கு முன்னால் எங்களை அழைத்துக் காட்டினாயே, வாஹேகுரு!