ஃபெர்னாண்டினாவில் கடல் இகுவானாக்களோடு

பசிபிக் கடலில் ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது ஃபெர்னாண்டினா தீவு. ஊர் இல்லை, கடை இல்லை. காலையில் புன்டா எஸ்பினோசாவில் படகைவிட்டு இறங்கினால், எரிமலைக் குழம்பு இறுகிய கரும்பாறைதான். முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது.

அந்தப் பாறை முழுக்கக் கடல் இகுவானாக்கள் என்ற பெரிய பல்லிகள், ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு வெயில் காய்கின்றன. இரண்டுக்கும் ஒரே நிறம் என்பதால் ஒவ்வோர் அடியையும் பார்த்துத்தான் வைக்க வேண்டும். பக்கத்தில் இருந்த ஒன்று, தும்மல் போட்ட வேகத்தில் மூக்கு வழியாக உப்பு நீரைப் பீய்ச்சியது. கடலுக்குள் பாசி மேயும்போது உடம்பில் சேரும் உப்பை ஒரு சுரப்பி பிரித்து இப்படி வெளியேற்றுகிறது. அது காய்ந்துதான் தலையில் வெள்ளையாகப் படிகிறது.

அப்புறம் பறக்காத நீர்க்காகம். குட்டைச் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. உலகத்திலேயே இங்கும் பக்கத்து இசபெலா தீவிலும் மட்டும்தான் இருக்கிறது.

பின்னால் லா கும்ப்ரே எரிமலை. 2024 மார்ச்சில்கூடக் குழம்பைக் கக்கியது. பாறை வெடிப்புகளில் லாவா கள்ளி முளைத்திருக்கிறது, இளந்தண்டு மட்டும் மஞ்சள்.

விலங்குகளை விட்டு 2 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது இந்தத் தீவுகளைக் காக்கும் தேசியப் பூங்காவின் விதி. எனக்கு அது ரொம்பச் சரியாகவே பட்டது. வெளியிலிருந்து வந்த பூனையோ எலியோ குடியேறாத தீவு இது. அது அப்படியே இருக்கட்டும்.