பழைய வங்கித் தாள்கள் சேகரிக்கிறவர்களே, திருநெல்வேலி பேங்க் நோட்டு என்று யாராவது நீட்டினால்

வாங்காதீர்கள். 1861ஆம் ஆண்டின் காகிதப் பணச் சட்டத்தோடு தனியார் வங்கிகள் நோட்டு போடும் உரிமை போயிற்று. அன்றைய மாகாண வங்கியான மெட்ராஸ் பேங்குக்கே அந்தக் கதிதான். நம் பக்கத்துச் சிறு வங்கிகளோ வெகுகாலம் கழித்து முளைத்தவை. தூத்துக்குடி நாடார் வங்கி, அதாவது இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, தொடங்கியதே 1921இல்.

இங்கே தேட வேண்டியது செக், உண்டியல் (வணிகர்கள் பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு), டெபாசிட் ரசீது, பங்குப் பத்திரம். தொடங்குகிறவர்களுக்குச் செக்தான் நல்லது, வயதை அதுவே சொல்லிவிடும். ஓரணா முத்திரை இருந்தால் 1927க்கு முந்தியது; அந்த ஆண்டு ஜூலையோடு செக்குக்கு முத்திரை வரி நின்றது. ரூபாய், அணா, பை என்று கட்டம் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. அணாவை அடித்துவிட்டு நயா பைசா எழுதிய செக் கண்ணில் பட்டால் விடாதீர்கள். மூழ்கிப்போன வங்கிகளுக்குத் தனி மவுசு: 1938இல் விழுந்த திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கியின் தாள்கள் அப்படி.

பழைய பேப்பர் கடைகளில் ‘கணக்குக் கட்டு’ என்று கேளுங்கள், ‘பழைய செக்’ என்று கேட்டால் விலை ஏறிவிடும். செக்கைக் கிழித்தபின் புத்தகத்தில் மிஞ்சும் அடிக்கட்டையையும் சேர்த்தே வாங்குங்கள். கம்பியில் குத்திய ஓட்டையும் குண்டூசித் துருவும் குறையல்ல, நான் அவற்றை நற்சாட்சியாகவே எடுத்துக்கொள்வேன். துருக்கறை பின்தாளிலும் அதே இடத்தில் இறங்கியிருக்க வேண்டும். பழுப்பு நிறம் மட்டும் போதாது, டீத்தண்ணீரில் முக்கினாலும் அது வரும். பத்து மடங்கு லென்ஸில் எழுத்தின் விளிம்பு வண்ணப் புள்ளிகளாகச் சிதறினால் அது பிரிண்டர் வேலை. புற ஊதா டார்ச்சில் தாள் நீலமாகப் பளிச்சிட்டால் இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காகிதம் அல்ல.

வைப்பதில்தான் பலரும் கெடுக்கிறார்கள். லேமினேஷன், செல்லோ டேப், இஸ்திரி மூன்றும் ஆகாது. மலிவான பி.வி.சி. உறை நம்மூர் வெயிலில் பிசுபிசுத்து மையைப் பெயர்த்துவிடும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். பாச்சை உருண்டையைப் பிளாஸ்டிக்கோடு போடாதீர்கள், உறை இளகி ஒட்டும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்தால் மாதம் ஒருமுறை ஆல்பத்தைப் புரட்டினாலே போதும். பழைய இரும்பு மை தாளை அரித்திருக்கும், அதனால் மடிப்பை ஒரேயடியாக விரிக்கக் கூடாது. வாங்கிய ஊரையும் விலையையும் பென்சிலால் தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வையுங்கள், செக்கின் மேல் எழுதாதீர்கள்.