இருபது நிமிடத்தில் நின்றுபோகும் அற்றோமிக் 4

மே 24

பாய்ப்படகை ஒன்ராறியோ ஏரியில் இறக்கி இரண்டு கிழமை ஆகிறது. ரொறன்ரோவில் ஸ்காபரோ புளஃபர்ஸ் பார்க்கில் இருந்து வெளிக்கிட்டு, களிமண் குன்றுகளை ஒட்டி மேற்கே போய்க்கொண்டிருந்தேன். 22ஆவது நிமிடத்தில் எஞ்சின் ஒருதரம் திணறியது. பிறகு வேகம் ஏறியது, இறங்கியது, திரும்ப ஏறியது, நின்றுவிட்டது. காற்று இருந்தபடியால் பாயை விரித்துத் திரும்பி வந்தேன்.

படகு 1974இல் செய்த சி அண்ட் சி 27. எஞ்சின் அற்றோமிக் 4. விஸ்கொன்சின் மாநிலத்து ஒஷ்கொஷ் நகரில் யுனிவர்சல் கம்பனி 1947 முதல் 1984 வரை செய்த நாலு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின். ஏறக்குறைய 40,000 செய்திருக்கிறார்கள். எழுபதுகளில் வந்த பாய்ப்படகுகள் பலவற்றில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். டீசலுக்கு மாற்றச் சொல்கிறவர்களுக்கு நான் தலையாட்டுவதில்லை.

மே 25

ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பற்றுகிறது. திரும்பவும் இருபது நிமிடம். சூடேறினால் நிற்கிறது என்றால் எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் பழைய இக்னிஷன் கொயில்தான் என்று புதியதை வாங்கிப் பூட்டினேன். மாற்றம் இல்லை. அவசரப்பட்டுவிட்டேன். நின்ற விதத்தை முதலில் யோசித்திருக்க வேண்டும்.

மே 31

ஊரில், யாழ்ப்பாணத்து மயிலிட்டிக் கடலில் வள்ளம் ஓட்டிய அண்ணை ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். படகுக்குக் கூட்டிவந்தேன். கயிறுகளை இறுக்கிக் கட்டி, கியரைப் போட்டு, கட்டிய இடத்திலேயே ஓடவிட்டோம். எஞ்சின் திணறத் தொடங்கியதும் அவர் கையைக் காட்டி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார்.

"தம்பி, கரண்ட் விட்டா இப்பிடி இழுத்து இழுத்து நிக்காது. சுவிச்சை நிப்பாட்டின மாதிரிப் பொட்டெண்டு நிக்கும். இது எண்ணெய் வராமல் தவிக்கிற சத்தம்."

அதன்பிறகு மின்சாரப் பக்கத்தை நான் தொடவில்லை.

ஜூன் 7

பெற்றோல் வரும் பாதை இதுதான்: தாங்கி, அதன் வாயில் பெற்றோல் தானாக வழிந்து வராமல் தடுக்கும் ஸ்பிரிங் வால்வு, குழாய், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், எஞ்சின் பக்கத்தில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த பம்ப், கடைசியில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் காபுரேற்றர். எங்கே பிழை என்று பிடிக்கப் பாதையை நடுவில் வெட்டிப் பார்ப்பதுதான் சுருக்கு வழி. படகின் பின்னால் வெளியே பூட்டும் அவுட்போர்டு எஞ்சினுக்கு வரும் 12 லீற்றர் சிவப்புத் தாங்கியைக் கொண்டுவந்து, நேரே பம்பின் உள்வாயில் கொழுவினேன். கட்டியபடியே 50 நிமிடம் ஓடியது, ஒருதரமும் திணறவில்லை. பிழை பம்புக்குப் பின்னால், தாங்கிப் பக்கம்.

ஒவ்வொரு தரமும் எஞ்சின் அறைக் காற்றை வெளியே தள்ளும் புளோவரை 4 நிமிடம் ஓடவிட்டு, அடித்தட்டில் மூக்கை வைத்து மணந்து பார்த்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, படகின் அடியில் போய்த் தங்கும். இதில் அலட்சியம் உயிரை எடுக்கும்.

ஃபில்டரை மாற்றினேன். ஸ்பிரிங் வால்வைக் கழற்றி ஊதினேன், சுத்தம். உறிஞ்சு குழாயும் சுத்தம். பின்னேரம் அண்ணைக்கு போன் எடுத்துச் சொன்னேன்.

"தாங்கிக்குக் காத்து எங்கால போகுது?" என்று கேட்டார். "ஊரில மூடியில இருக்கிற காத்துத் திருகாணியைத் திறக்க மறந்து வெளிக்கிட்டா, கொஞ்ச தூரம் போய் இப்பிடித்தான் நிக்கும்."

ஜூன் 8

படகுத் தாங்கியைத் திரும்பக் கொழுவி ஓடவிட்டேன். திணறத் தொடங்கியதும் மேல்தட்டில் உள்ள பெற்றோல் மூடியைத் திருகினேன். 'உஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. ஒரு நிமிடத்துக்குள் எஞ்சின் பழையபடி ஓடியது. பெற்றோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வராவிட்டால் பம்பால் இழுக்க முடியாது.

காற்றுக் குழாய் பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன உலோக வாயில் முடிகிறது. தாங்கிப் பக்கத்தைக் கழற்றிக் கைப்பம்பால் அடித்தால் மிக மெதுவாகத்தான் காற்றுப் போனது. தடித்த நைலோன் நூலை உள்ளே தள்ளி இழுக்க, விரல் நுனியளவு வெள்ளைப் பஞ்சு வந்தது. சிலந்திக் கூடு. உள்ளே சட்டை கழற்றிய சின்னச் சின்னத் தோல்கள், கொஞ்சம் மண்தூசி. சிலவகை மஞ்சள் சிலந்திகளுக்குப் பெற்றோல் மணம் பிடிக்குமாம். 2011இல் ஒரு கார்க் கம்பனி இதே பிழைக்காக வட அமெரிக்காவில் 50,000க்கும் அதிகமான கார்களைத் திருப்பி அழைத்தது. கூடு முழுவதும் அடைக்காமல் கொஞ்சம் காற்றை விட்டதால்தான் இருபது நிமிடம் தாக்குப்பிடித்திருக்கிறது. வாயில் பித்தளை வலை வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 14

ஏரியில் ஒரு மணி நேரம், ஒரு சுணக்கமும் இல்லை. ஆனால் முழு வேகத்துக்குத் தள்ளினால் எஞ்சின் தளர்கிறது. சோக்கை மூன்றில் ஒரு பங்கு இழுத்தால் நிமிர்கிறது. சோக் காற்றைக் குறைத்து, அந்த இழுவையால் கூடுதல் பெற்றோலை வரவழைக்கும். சூடான எஞ்சின் அதனால் நன்றாக ஓடினால் காபுரேற்றரின் பிரதான ஜெட்டில், அதாவது பெற்றோல் வரும் சிறு துளையில், அடைப்பு இருக்க இடமுண்டு. கரையில் கட்டி ஓட்டிய வேகம் காணாதபடியால் ஜூன் 7இல் இது தெரியவில்லை.

காபுரேற்றர்க் கிண்ணத்தை வடித்து ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்தேன். துளையின் ஒரு பக்கத்தில் மிளகில் பாதியளவு கறுப்பு றப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. மெல்லிய செம்புக் கம்பியால் தள்ளி எடுத்தேன். இரும்பு ஊசி விட்டால் துளை பெரிதாகிவிடும். பிறகு ஃபில்டருக்கும் காபுரேற்றருக்கும் இடையிலுள்ள பழைய ஹோஸை நீளவாக்கில் வெட்டினேன். உள்தோல் வெடித்து, விரலால் தேய்க்கக் கரிபோல ஒட்டியது. படகுக்கென்றே வரும் ஏ1 வகை ஹோஸ் புதிதாகப் பூட்டியாயிற்று.

வெறுமையான காபுரேற்றரை நிரப்ப ஸ்டார்ட்டரைத் தொடர்ந்து சுழற்ற வேண்டாம். எஞ்சின் பற்றாமல் சுழன்றால் குளிர்விக்கும் ஏரித் தண்ணீர் புகைக் குழாயின் மஃப்ளரில் நிரம்பி, சிலிண்டருக்குள்ளேயே திரும்பி வந்துவிடும். சுழற்ற வேண்டி வந்தால் நீர் வால்வை மூடி, பற்றிய உடனே திறக்க வேண்டும். நான் பம்பின் அடியில் இருக்கும் கைநெம்பை அடித்தே நிரப்பினேன். நெம்பு இறுகாமல் தொளதொளத்தால் பம்ப் கெட்டுவிட்டது என்று கழற்றிவிடாதீர்கள். உள்ளே பம்பை இயக்கும் கேம் என்ற சுழல் துண்டு அதை ஏற்கெனவே அமுக்கி வைத்திருக்கும். எஞ்சினை ஒரு சுற்றுச் சுழற்றினால் நெம்பு பிடிக்கும்.

ஜூன் 21

அண்ணையையும் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோ தீவு வரை, 1 மணி 50 நிமிடம், முழுவதும் எஞ்சினில். நடுவில் பத்து நிமிடம் முழு வேகம் கொடுத்தேன், தளரவில்லை. 22ஆவது நிமிடத்தில் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சத்தத்தைக் கேட்டோம். திரும்பி வந்து ரோச் அடித்துப் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பார்த்தேன். அடியில் இரண்டு கறுப்புத் துணுக்கு, பழைய ஹோஸின் மிச்சம். கழுவிப் பூட்டியிருக்கிறேன். அடுத்த ஓட்டத்துக்குப் பிறகு திரும்பப் பார்ப்பேன்.